திருகோணமலை டவுனுக்குள்ள இருக்கிற அந்தப் பழைய பார்: பதினொரு வருசமாப் போய்வந்த அனுபவம்

வெளியில இருந்து பாத்தா நீங்க இந்தக் கடைக்குள்ள கால் வைக்கமாட்டீங்க, அதை முதல்லயே சொல்லிப்போடுறன். உள்துறைமுக வீதிப் பக்கமா இறங்குற ஒரு ஒழுங்கையில தகரக் கூரையும் உரிஞ்ச பச்சைப் பெயின்டுமா நிக்குது. முன்னுக்கு வாங்கிக்கொண்டு போறவைக்கு கம்பி அடிச்ச கவுண்டர், பக்கத்தால ஒரு கதவு, அதுக்குள்ள ஆறு மேசை, பிளாஸ்டிக் கதிரை, நடுவுல ரெண்டு ஃபேன். சுவர்ல ஒரு பியர் விளம்பரமும் இல்ல, 2006 சட்டத்துக்குப் பிறகு மதுவுக்கு விளம்பரம் போடேலாதுதானே, ஒரு கலண்டர்தான் தொங்குது. நான் 2014ல வேலை மாறி திருகோணமலைக்கு வந்த முதல் மாசம், கூட வேலை செய்யிற அண்ணா ஒருத்தர் "வாடா தம்பி, நல்ல ஸ்டவுட் குடிக்கலாம்" எண்டு கூட்டிக்கொண்டு போனவர். அண்டைக்குத் தொடங்கினது, இப்பவும் மாசத்துக்கு ரெண்டு மூண்டு தரம் போறன்.

முதல் அந்த ஸ்டவுட்டப் பத்தி, அதாவது கறுப்பு பியரப் பத்திச் சொல்லவேணும். லயன் ஸ்டவுட் எல்லா இடத்துலயும் கிடைக்கிற சாமான்தான், 8.8 வீதம் அல்கஹோல், பைட் (கூடக் கடிக்கிற சாப்பாடு) ஒண்டும் இல்லாம குடிச்சா தலைக்கு ஏறும். மைக்கேல் ஜாக்சன் எண்டு இங்கிலாந்தில ஒரு பெரிய பியர் எழுத்தாளர் இருந்தவர் (பாட்டுக்காரர் இல்ல, இவர் வேற ஆள், 2007ல செத்துப்போனார்), அவரே புகழ்ந்து எழுதி வெளிநாட்டுக்காரருக்குத் தெரியவந்த பியர் இது. ஆனா நாங்கள் அதை எப்பிடிக் குடிக்கிறம்? ஐஸ் மாதிரிக் குளிராக்கி, வாய் மரத்துப்போய், கசப்பு மட்டும்தான் தெரியுது. இந்தக் கடையில ரெண்டு கூலர் இருக்கு. உள்ளுக்கு இருக்கிறது புதுசு, நல்லாக் குளிரும். கதவடியில இருக்கிறது பழசு, கொஞ்சம்தான் குளிரும். முதல் ஆறேழு மாசமும் நான் அது பழுதாப்போன கூலர் எண்டுதான் நினைச்சனான், பிறகுதான் பிடிபட்டுது, முதலாளி ஐயா ஸ்டவுட்ட வேணுமெண்டே அதுக்குள்ளதான் வைக்கிறவர். போத்தல எடுத்து, தோள்ல கிடக்கிற துவாயால ஈரத்தைத் துடைச்சு, லேபிளைத் திருப்பி கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சு திகதியப் பாத்துட்டுத்தான் மேசையில வைப்பார். கிளாஸைச் சரிச்சுப் பிடிச்சு மெதுவா ஊத்தேக்க நுரை கபில நிறத்துல ரெண்டு விரல் உயரத்துக்கு எழும்பி நிக்கும். முதல் வாயில வறுத்த கோப்பிக்கொட்டை மாதிரி, பிறகு பனங்கட்டியக் கடிச்ச மாதிரி ஒரு இனிப்பு, கடைசியிலதான் கசப்பு. அதே பியர் அதே கொம்பனி, ஆனா வேற எங்கயும் எனக்கு இந்த ருசி வந்ததில்ல.

இப்ப மற்றப் பியருகளுக்கு வாறன். நான் வந்த நேரம் இங்க லயன் லாகர் (சாதாரண மஞ்சள் பியர்), ஸ்ட்ரோங், ஸ்டவுட், கார்ல்ஸ்பேர்க், அவ்வளவுதான். மாத்தினது 2016 வெள்ளம். அந்த மே மாசம் களனி கங்கை பெருக்கெடுத்து பியகமவில இருக்கிற லயன் தொழிற்சாலைக்குள்ள தண்ணி போய் மாசக்கணக்கா உற்பத்தி நிண்டுபோச்சு, ஞாபகம் இருக்கும். நாடு முழுக்க பியர் தட்டுப்பாடு. கனக்கக் கடையில சாராயம் மட்டும்தான் கிடந்துது. ஐயா சும்மா இருக்கேல்ல, ஆர் ஆரிட்டயோ கேட்டு, கண்டிப் பக்கமும் கொழும்பும் போய் அங்கர், டைகர், ஹைனெகன், பிறகு ரீவா எண்ட கோதுமை பியர் எண்டு கிடைச்சதெல்லாம் கொண்டுவந்து இறக்கினவர். ரீவாவ முதல் முதல் நான் இங்கதான் குடிச்சன், கலங்கலா இருக்கும், ஆரும் குடிச்சுப்போட்டு "இது பழுதாப்போச்சு ஐயா" எண்டு திருப்பிக் குடுத்ததையும் கண்டிருக்கிறன். அவர் கோவப்படாம, அது கோதுமை, அதுக்கு அப்பிடித்தான் நிறம் எண்டு ஒவ்வொருத்தருக்கும் விளங்கப்படுத்தினவர். லயன் திரும்பி வந்த பிறகு மற்றக் கடைக்காரர் எல்லாம் பழையபடி ரெண்டு வகைக்குப் போயிட்டினம், இவர் மட்டும் விடேல்ல. நல்ல காலத்துல ஒரு நாள் எண்ணினனான், பதினாலு வகை.

வகை கனக்க இருக்கிறது பெரிய விசயமில்ல எண்டு நான் இப்ப நினைக்கிறன், அதை வச்சிருக்கிற விதம்தான் விசயம். உப்புவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல்ல, பேர் வேணாம், கண்ணாடி அலுமாரியில வெளிநாட்டு பியர் எல்லாம் அடுக்கி லைட் போட்டு வடிவா வச்சிருந்தினம். பச்சைப் போத்தல் ஒண்டு எடுத்தன், இந்தக் கடையில குடுக்கிறத விட மூண்டு மடங்கு காசு, திறந்தவுடன ஒரு கெட்ட கந்தக நாத்தம். வெளிச்சம் பட்டா பியருக்குப் போடுற ஹொப்ஸ் எண்ட பூவுல இருந்து வாற கசப்புச் சத்து உடைஞ்சு அந்த நாத்தம் வரும், கபிலப் போத்தல் அதைக் கனக்கத் தடுக்கும், பச்சையும் வெள்ளையும் தடுக்காது. இதை எனக்குச் சொல்லித் தந்தது இன்டர்நெட் இல்ல, எங்கட ஐயாதான். "தம்பி, பியரும் மீன் மாதிரித்தான், வெயில்ல வச்சா முடிஞ்சுது" எண்டவர். அவர்ட ஸ்டோர் கடைக்குப் பின்னால ஜன்னல் இல்லாத ஒரு அறை, ஒருக்கா எட்டிப் பாத்தனான், பெட்டிகளுக்கு மேல சாக்குப் போட்டு மூடி, பழைய திகதி முன்னுக்கு புதுத் திகதி பின்னுக்கு எண்டு சோக்கட்டியால எழுதி வச்சிருக்கிறார். கடையின்ர வெளித் தோற்றத்தையும் அந்த அறையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா ஒரே ஆளின்ர கடையெண்டு நம்பமாட்டீங்க.

2022 பொருளாதார நெருக்கடியில எல்லாருக்கும் அடி. மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாம இருந்தமே, அந்த நேரம் கூலர் ரெண்டும் சும்மா. அப்ப மீன்காரர்ட ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி நாலு வாங்கி ஐஸ் உடைச்சுப் போட்டு அதுக்குள்ள போத்தலப் படுக்க வச்சு வித்தவர், குடுக்க முந்தி நல்ல தண்ணியில கழுவி துவாயால துடைச்சு. மெழுகுதிரி வெளிச்சத்துல, எரிபொருள் வரிசையில ரெண்டு நாள் நிண்ட களைப்போட, நாங்க நாலு பேர் ஒரு லாகரப் பங்கு போட்டுக் குடிச்சது எனக்கு மறக்காது. இறக்குமதிக் கட்டுப்பாட்டால வெளிநாட்டு வகை எல்லாம் இல்லாமப் போய், விலையும் ஏறி, முந்தி ரெண்டு போத்தல் வாங்கின காசுல இப்ப ஒண்டுதான். இண்டைக்கு எட்டு ஒன்பது வகை இருக்கு, ரீவா காணக்கிடைக்காது, அது எனக்குச் சரியான கவலை.

பைட் பத்தி அதிகம் சொல்லத் தேவையில்ல, சூடை மீன் பொரியல் எடுங்க, காலமை வந்த மீன், மிளகாய்த்தூள் கொஞ்சம் தூக்கலா இருக்கும், லாகருக்கு அதுதான் பொருந்தும். கணவாய் ஒரு நாளைக்கு மெத்தெண்டு இருக்கும், ஒரு நாளைக்கு ரப்பர்.

குறையளையும் சொல்லத்தான் வேணும். கழிப்பறை மோசம், பதினொரு வருசத்துல நாலைஞ்சு தரம் நேராவே சொல்லிட்டன், ஒரு வாளி மாத்தினதோட சரி. மாரி மழை தொடங்கினா கூரை ஒழுகும், நுளம்பு கடிக்கும். சனிக்கிழமை இரவு சத்தம் தாங்கேலாது, ஒருக்கா கதிரையால அடிபட்டதையும் பாத்தனான். பொம்பிளையள் வந்து இருக்கிற மாதிரி இடம் இல்ல. 2018 ஜனவரியில பொம்பிளையள் மதுபானம் வாங்குறதுக்கு இருந்த தடைய எடுத்து, அதே மாசம் திரும்பப் போட்டாங்களே, அந்த இடைப்பட்ட நாள்ல கனடாவுல இருந்து வந்திருந்த எங்கட அக்கா "நானும் வந்து அந்த ஸ்டவுட்டப் பாக்கிறன்டா" எண்டு ஆசைப்பட்டவ. கூட்டிக்கொண்டு போகேல்ல. வாங்கிக்கொண்டு வந்து வீட்டில கிணத்துத் தண்ணியில வச்சு எடுத்துக் குடுத்தன், நல்லா இருக்கு எண்டுதான் சொன்னவ, ஆனா எனக்கு அது இண்டைக்கும் மனசுல குத்துது.

போறவை பின்னேரம் 5 மணிக்குத் திறந்த கையோட போங்க, 7க்குப் பிறகு மேசை கிடையாது. போயா (பௌர்ணமி) நாள்ல பூட்டு, வெசாக்குக்கு ரெண்டு நாள். மோட்டார் சைக்கிள்ல போகாதீங்க, ஒழுங்கை முனையில ஆட்டோ நிக்கும். ஸ்டவுட் எண்டா "கதவடிக் கூலர்ல இருந்து தாங்கோ ஐயா" எண்டு கேளுங்க, இப்ப சில நாள்ல அவர்ட மகன்தான் கவுண்டர்ல நிக்கிறவர், அவர் பழக்கத்துல உள்ளுக்கு இருக்கிற கூலரத் திறந்துபோடுவார். போன கிழமை எனக்கும் அப்பிடித்தான் நடந்தது, பின்னால இருந்து ஐயா ஒரு குரல் குடுத்தார், பொடியன் போத்தலத் திருப்பி வச்சிட்டு மற்றதை எடுத்து, துடைச்சு, லேபிளத் திருப்பித் திகதி பாத்தவர்.