ஆயுதம் தாங்கிய சுவிஸ், ஆயுதம் களைந்த ஜப்பான்
மக்கள் கையில் துப்பாக்கி இருந்தால்தான் சமூகம் பண்படும் என்பவர்கள் உடனே காட்டுவது சுவிட்சர்லாந்தை. சரி, அங்கே ராணுவப் பயிற்சி பெற்ற பலர் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள். ஆனால் 2001-இல் சூக் மாநில சட்டமன்றத்தில் ஒருவன் 14 பேரைச் சுட்டுக் கொன்றதும் அங்கேதான். வீட்டில் வைக்கக் கொடுத்த தோட்டாக்களையும் அரசு 2007-இல் திரும்பப் பெற முடிவுசெய்தது. அங்கே அமைதியைக் காப்பது பயிற்சியும் கட்டுப்பாடும்தான். வெறும் துப்பாக்கி போதுமென்றால் அமெரிக்கா அல்லவா முதலிடத்தில் இருக்க வேண்டும்?

என் ஓட்டு ஜப்பானுக்கே. 1588-இல் அப்போது ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி விவசாயிகளின் வாள்களைப் பறித்தார். 1876-இல் போர்வீரர் வகுப்பான சாமுராய்களும் வாளைக் கழற்ற வேண்டியதாயிற்று. இன்று வேட்டைத் துப்பாக்கிக்கே எழுத்துத் தேர்வு, சுடும் தேர்வு, மருத்துவச் சான்று, அப்புறம் போலீஸ் விசாரணை. 2022-இல் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயைச் சுட்டவன்கூடத் துப்பாக்கியைத் தானே செய்ய வேண்டியிருந்தது.