சார்ட்டிலின் ஆய்வுக்கு எது பொருந்தும்: வால் ஆன்டிபாடியா, வெளிப்பகுதி ஆன்டிபாடியா, பெப்டைடா?

சார்ட்டிலின் செல்லுக்குள் புரதங்களை இடம் மாற்றும் ஓர் ஏற்பிப் புரதம். செல்லில் உள்ள சார்ட்டிலினில் ஏறத்தாழ 90 விழுக்காடு செல்லின் உள்ளறைகளான கோல்கியிலும் எண்டோசோம்களிலும் இருக்கிறது. மேற்பரப்பில் தெரிவது பத்தில் ஒரு பங்கு மட்டுமே. எந்த ஆன்டிபாடி வாங்குவது என்பதை இந்தக் கணக்கை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

மொத்த அளவு தெரிந்தால் போதும் என்றால், செல்லுக்குள் நீளும் வாலைப் பிடிக்கும் வால் ஆன்டிபாடி நல்லது. சைட்டோபிளாச வால் 50 சொச்சம் அமினோ அமிலங்கள்தான். மனிதனுக்கும் எலிக்கும் அது பெரும்பாலும் ஒன்றே என்பதால் ஒரே குப்பி இரண்டுக்கும் உதவும். வெஸ்டர்ன் பிளாட்டில் 100 கிலோடால்டனை ஒட்டிப் பட்டை விழும். சாயமேற்ற வேண்டுமானால் செல்சவ்வில் துளையிட்டாக வேண்டும். துளையிடும் பொருளான சப்போனின் போடும் துளை கழுவினால் மூடிக்கொள்ளும். ஆகவே எல்லாத் தாங்கல் கரைசல்களிலும் சப்போனின் இருக்கட்டும். ஆடாம்10 போன்ற நொதிகள் வெட்டிவிடும் வெளிப்பகுதிக்கு வால் கிடையாது. வளர்ப்பு ஊடகத்தில் சார்ட்டிலினைத் தேடுபவருக்கு இந்த ஆன்டிபாடி எதையும் காட்டாது.

அங்கே, செல்லுக்கு வெளியே நீளும் பகுதியைப் பிடிக்கும் வெளிப்பகுதி ஆன்டிபாடிதான் வேண்டும். மேற்பரப்பு அளவை எடுக்க உயிருள்ள செல்களைப் பனிக்கட்டிமேல் வைத்து 30 நிமிடம் ஊறவிட வேண்டும். 37 டிகிரியில் விட்டால் ஏற்பி ஆன்டிபாடியோடு உள்ளே போய்விடும். இரு கைகளுள்ள முழு ஆன்டிபாடி ஏற்பிகளைச் சேர்த்துப் பிடித்து, அவை உள்ளே போவதை விரைவுபடுத்தவும் கூடும். ஏற்பியின் போக்குவரத்தை அளப்பவர் ஒரு கை மட்டுமுள்ள ஃபேப் துண்டைப் பயன்படுத்துவது மேல். இன்னொரு சிக்கல்: இந்தப் பகுதியில் டைசல்ஃபைடு பிணைப்புகள் நிறைய. இந்தப் பிணைப்புகளை உடைக்கும் டிடிடி சேர்த்ததும் சில மோனோகுளோனல் ஆன்டிபாடிகள் அடையாளம் காண மறுக்கும். பட்டை வராவிட்டால், குப்பியைக் குறை சொல்லும் முன் டிடிடி இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஆன்டிபாடி பிடிக்க வேண்டிய துண்டான தடுப்புப் பெப்டைடோடு கலந்து பட்டை மறைந்தால் ஆன்டிபாடி சரியானது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. ஆன்டிபாடி அந்தப் பெப்டைடைப் பிடிக்கிறது என்பதற்கு மட்டுமே அது சான்று. அதே பிடிமானத்தால் வேறொரு புரதத்தில் ஒட்டியிருந்தாலும் அந்தப் பட்டையும் சேர்ந்தே மறையும். மரபணு நீக்கிய செல்லின் சாறுதான் நம்பத்தக்க ஒப்பீடு.

ஏற்பியின் வேலையைத் தடுக்கப் பெப்டைடு வேண்டும். கைக்கு எளிது, சார்ட்டிலினோடு பிணையும் 13 அமினோ அமில நியூரோடென்சின்: 1 மில்லிகிராமை 600 மைக்ரோலிட்டரில் கரைத்தால் சுமார் 1 மில்லிமோலார். ஆனால் எடையில் உப்பும் நீரும் கலந்திருக்கும். நிகரப் பெப்டைடு அளவைச் சான்றிதழில் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். கடைசி லியூசினின் கார்பாக்சில் முனையைத்தான் ஏற்பியின் 292ஆம் ஆர்ஜினின் பிடிக்கிறது. எனவே அமைடு முனையோடு வருவதை வாங்கவே கூடாது. சார்ட்டிலினைத் தடுக்கப் பொதுவாக 10 முதல் 20 மைக்ரோமோலார் தேவை. நியூரோடென்சினின் முதல் ஏற்பியோ (என்டிஎஸ்ஆர்1) நானோமோலாரிலேயே கால்சியம் சமிக்ஞையைக் கிளப்பும். எச்டி-29 என்ற பெருங்குடல் புற்றுநோய்ச் செல்லைப் போல இரண்டு ஏற்பிகளும் உள்ள செல்லில் கிடைக்கும் விளைவு எந்த ஏற்பியுடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

சார்ட்டிலின் முதிரும்போது வெட்டப்படும் அதன் சொந்த முன்பெப்டைடு 44 அமினோ அமிலம். அதன் பிடி நியூரோடென்சினைவிட உறுதியானது, விலையும் அதிகம். நீளமான தொகுப்பில் குறைத்துண்டுகள் சேர்வதால் 95 விழுக்காட்டுத் தூய்மை கேட்க வேண்டும். அதிலிருந்து எடுத்த 17 அமினோ அமில ஸ்பாடின் மலிவு, ஆனால் ட்ரெக்-1 பொட்டாசியம் வாயிலையும் அடைத்துவிடும். நரம்புச் செல்லில் மின்பதிவு எடுப்பவர் அதைத் தவிர்க்கட்டும். ஊடகத்துப் பெப்டிடேஸ்கள் நியூரோடென்சினைச் சீக்கிரம் சிதைப்பதால், இரவு முழுவதும் ஓடும் சோதனையில் இடையிடையே புதிதாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.