பனியில் மின்சாரம் போனால்: ஜெனரேட்டரா, பேட்டரிப் பெட்டியா?

2013 டிசம்பரில் கனடாவின் டொராண்டோவில், விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாகும் உறைமழை பெய்து, மரக்கிளைகள் கம்பிகள் மேல் முறிந்து விழ, சுமார் 3 லட்சம் இணைப்புகளில் மின்சாரம் போனது. வீட்டைச் சூடாக்கும் எரிவாயு ஃபர்னஸ் இருந்தும் பயனில்லை. வெப்பக்காற்றைத் தள்ளும் விசிறிக்கு மின்சாரம் வேண்டுமே.

1,000 வாட்-அவர் பேட்டரிப் பெட்டிக்குச் சத்தம் கிடையாது, வீட்டுக்குள்ளேயே வைக்கலாம். போன், வைஃபை, ஒரு விளக்கு என்றால் சரி. ஃபர்னஸின் 500 வாட் விசிறியை மாட்டினால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது.

ஜெனரேட்டர் பெட்ரோல் இருக்கும்வரை ஓடும். ஆனால் சன்னலிலிருந்து 6 மீட்டராவது தள்ளி, வெளியேதான் வைக்க வேண்டும். கதவைத் திறந்து வைத்தாலும் கராஜுக்குள் கூடாது. அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனையே இல்லை. அப்புறம், நள்ளிரவில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு பெட்ரோல் ஊற்றப் போவது யார் என்று ஒரு சண்டை. இருந்தாலும் கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு என் ஓட்டு ஜெனரேட்டருக்கே. ஜெனரேட்டரிலிருந்து ஃபர்னஸுக்கான இணைப்பை மட்டும் குளிருக்கு முன்பே எலக்ட்ரீஷியனை வைத்துப் போட்டுவிடுங்கள்.