டேலிபிரைமில் ஸ்கிராப் கணக்கு: வாளையார் பக்கத்துப் பட்டறைகளுக்கு எதுவரை உதவும்?

தமிழ்நாடு-கேரள எல்லையில் எட்டிமடை, வாளையார், கஞ்சிக்கோடு (கேரளப் பக்கம்) பகுதிச் சின்னப் பிரஸ் ஷாப்புகளில், அதாவது உலோகத் தகட்டை அழுத்தி வெட்டும் பட்டறைகளில், கணக்கு என்றாலே பெரும்பாலும் டேலி மென்பொருள்தான். ஆடிட்டருக்கும் அதுவே பழக்கம். ஸ்கிராப் செலவைப் பார்க்கத் தனி மென்பொருள் வாங்குமுன், இருப்பதை முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். ரூபாய்க் கணக்குக்கு டேலிபிரைம் போதும். மெஷின் பக்கத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

முதலில் அமைப்பு. பொருளின் பிஓஎம் (ஒரு பொருள் செய்யத் தேவையான உட்பொருள் பட்டியல்) திரையில் எஃப்12 அழுத்தி, உட்பொருள் வகையைக் குறிக்கும் வசதியை இயக்குங்கள். ஒவ்வொரு வரியையும் காம்போனன்ட் (உட்பொருள்), பை-ப்ராடக்ட் (துணை விளைபொருள்), கோ-ப்ராடக்ட் (இணை விளைபொருள்), ஸ்கிராப் (கழிவு) என்று பிரிக்கலாம். பிறகு ஸ்டாக் ஜர்னலின் கீழ் புது வவுச்சர் டைப் திறந்து, அதை மேனுஃபாக்சரிங் ஜர்னலாக்க (உற்பத்தியைப் பதியும் வவுச்சர்) 'யெஸ்' கொடுங்கள். கூலி, கரண்ட் எல்லாம் கூடுதல் செலவு வரிகளில் ஏறும்.

ஒரு கணக்கு போடுவோம். ஒரு பீஸுக்கு 420 கிராம் தகடு போகிறது, முடிந்த பீஸ் 300 கிராம். 1,000 பீஸுக்கு 420 கிலோ. கிலோ 70 ரூபாய் என்றால் 29,400. வேலைச் செலவு பீஸுக்கு 4 ரூபாய் சேர்த்து 33,400. இதில் 120 கிலோ, டை (தகட்டை வெட்டும் அச்சு) வடிவத்தால் தவிர்க்க முடியாத கழிவு. 30 பீஸ் ரிஜெக்ட் என்றால் அது 9 கிலோ. ஸ்கிராப் கிலோ 35-க்குப் போனால் வரவு 4,515. மிச்சம் 28,885-ஐ 970 நல்ல பீஸால் வகுத்தால் 29.78. ரிஜெக்டே இல்லாவிட்டால் 29.20 தான்.

பீஸுக்கு இந்த 58 காசுதான் முதலாளி பார்க்க வேண்டிய எண். 4,515-ஐ அப்படியே 'இதர வருமானம்' லெட்ஜரில் போட்டால் அது கண்ணிலேயே படாது. ரிஜெக்ட் கூடக் கூட வருமானம் ஏறுவதுபோலத் தெரியும். ஆகவே 'ஸ்கிராப்-டை', 'ஸ்கிராப்-ரிஜெக்ட்' என்று இரண்டு ஸ்டாக் ஐட்டம் வைத்துக்கொள்ளுங்கள்.

சறுக்கும் இடம், செலவில் இத்தனை சதவீதம் ஸ்கிராப்புக்கு என்று ஒதுக்கும் கட்டம். பலர் குத்துமதிப்பாக 5 போட்டுவிடுவார்கள். மேலே உள்ள கணக்கில் சரியான எண் 13.5 (33,400-இல் 4,515). ஸ்கிராப் விலை மாறும்போதெல்லாம் அதையும் மாற்ற வேண்டும், மென்பொருள் நினைவூட்டாது.

எடைச் சமன்பாட்டையும் அது பார்க்காது. 420 கிலோ உள்ளே போனால் 291 + 120 + 9 வெளியே வர வேண்டும். பீஸ் ஓர் அலகு, கிலோ ஓர் அலகு என்பதால் 20 கிலோ காணாமல் போனாலும் வவுச்சர் பதிவாகிவிடும். ஸ்கிராப் வண்டி கிளம்பும்முன் எடைமேடைச் சீட்டை இந்தக் கணக்கோடு ஒட்டிப் பாருங்கள். கூலண்ட் (குளிர்விக்கும் திரவம்) சொட்டும் டர்னிங்காக (கடைசல் சுருள்) இருந்தால் எடை கூடத்தான் காட்டும். வாங்குபவர் ஈரத்துக்குக் கழிப்பார்.

ரிஜெக்ட் காரணத்துக்கென்று தனிக் கட்டம் கிடையாது. காரணத்துக்கு ஒரு கோடவுன் (டேலியில் சரக்கு இருக்கும் இடத்தின் பெயர்) திறந்து சமாளிக்கலாம்: 1 பர் (ஓரப் பிசிறு), 2 அளவு, 3 விரிசல், 4 செட்டிங் பீஸ் (மெஷினைச் சரிசெய்யும்போது வீணாவது), 5 தகட்டுக் குறை. எண்ணாக வைப்பதில் இன்னொரு லாபம், தமிழ், மலையாளம், இந்தி பேசுகிற மூவரும் ஒரே சீட்டில் எழுதலாம். செட்டிங் பீஸை யாரும் எழுதுவதில்லை. சின்ன லாட்டில் அதுதான் பெரிய தொகை.

வார்ப்படப் பட்டறைக்கு இந்த அமைப்பு அவ்வளவாகப் பொருந்தாது. ரன்னர், ரைசர் (வார்ப்பில் உலோகம் ஓடும் வழியிலும் தேங்கும் இடத்திலும் உறைந்த மிச்சம்) திரும்ப உலைக்கே போவதால் விற்பனை விலை அங்கே செல்லாது. வெளியில் வாங்கும் ஸ்கிராப்பின் விலையில் உருக்கும்போது ஆகும் நட்டத்தைக் கழித்து மதிப்புப் போட வேண்டும்.

வரிப் பகுதி ஒழுங்காக இருக்கிறது. கஞ்சிக்கோட்டுச் சரக்கு கோவை வியாபாரிக்குப் போனால் ஐஜிஎஸ்டி (மாநிலம் தாண்டும் விற்பனைக்கான ஜிஎஸ்டி) 18 சதவீதம். 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (சரக்கு அனுப்பும் மின்னணுச் சீட்டு). 2024 அக்டோபர் 10 முதல், ஒப்பந்த மதிப்பு 2.5 லட்சத்தைத் தாண்டும் உலோக ஸ்கிராப்புக்கு, பதிவு பெற்ற வாங்குபவர் 2 சதவீதம் ஜிஎஸ்டி டிடிஎஸ் (பணம் தரும்போதே கழிக்கும் வரி) பிடிப்பார். குறைந்து வந்த தொகையை டிஸ்கவுண்ட் என்று எழுதிவிடாதீர்கள். ஜிஎஸ்டி போர்ட்டலில் ஏற்றுக்கொண்டால் அது அங்குள்ள உங்கள் கேஷ் லெட்ஜருக்கு வந்துவிடும்.

ஷிஃப்ட் வாரியாக, மெஷின் வாரியாக ரிப்போர்ட் வேண்டுமென்றால் இஆர்பிநெக்ஸ்ட் என்ற திறந்தமூல மென்பொருள் பக்கம் போகலாம். அதில் ஜாப் கார்டிலேயே (ஒவ்வொரு வேலைக்கும் எழுதும் சீட்டு) ஸ்கிராப் பதிவு உண்டு, லைசன்ஸ் கட்டணமும் இல்லை. ஆனால் சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஐந்தாறு பிரஸ் ஓடுகிற இடத்தில் டேலியும் ஒரு ரிஜெக்ட் சீட்டுப் புத்தகமும் போதும்.