தனியாக ஊவா மலைகளுக்கு: கேம்பர் வேனா, சின்ன வேனா, மோட்டார் சைக்கிளா?

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பலருக்கு மலை நினைவு வந்துவிடும். எங்களைக் காயவைக்கும் அந்தத் தென்மேற்குக் காற்று, தன் மழையை மலையின் மேற்குப் பக்கத்தில் கொட்டிவிட்டுத்தான் இந்தப் பக்கம் இறங்குகிறது. அதனால் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை பதுளை, பண்டாரவளை, எல்ல பக்கம் பெரும்பாலும் மழை குறைவு. வண்டியிலேயே படுத்தெழும்பித் தனியாகச் சுற்ற அருமையான காலம். எந்த வண்டியில் போவது?

எல்லோரும் முதலில் ஆசைப்படுவது வாடகைக் கேம்பர் வேனுக்குத்தான். ஹையேஸ் மாதிரியான வேனுக்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் பொருத்தியிருப்பார்கள். குடும்பமாகப் போனால் அதை மிஞ்ச எதுவுமில்லை. தனி ஆளுக்கு வாடகையும் டீசலும் ஒரே தலையில் விழும். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அதன் உடம்பு. சாதாரண ஹையேஸ் சுமார் 1.7 மீட்டர் அகலம், 4.7 மீட்டர் நீளம். சுசுகி எவ்ரி போன்ற சின்ன வேன் 1.48 மீட்டர் அகலத்துக்கும் 3.4 மீட்டர் நீளத்துக்கும் உள்ளே அடங்கிவிடும். செங்கலடி வீதியில் இந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை. ஹப்புத்தளையிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கூடாக லிப்டன் சீற்றுக்கு ஏறும் ஒடுக்கமான ரோட்டில், எதிரே ஓர் ஆட்டோ வரும்போதுதான் அது தெரியும். இறங்கி நின்று கை காட்ட ஆளில்லாமல் பெரிய வேனை வளைவில் பின்னுக்கு எடுப்பது பயமான வேலை.

சின்ன வேனிலும் குறை இருக்கிறது. 660 சிசி இயந்திரம் பிபிலை தாண்டி லுணுகலை, பசறை ஏற்றங்களில் மூச்சு வாங்கும். பின்னால் பஸ் வந்தால் ஒதுங்கி வழிவிட்டுவிடுங்கள், அவசரம் வேண்டாம். பின் சீட்டை மடித்து மெத்தை போட்டால் ஒருவர் படுக்கலாம். உயரமானவர் கொஞ்சம் முடங்கித்தான் படுக்க வேண்டும். சமையல் வசதி இல்லை. அதை நான் குறையாகவே எடுக்கவில்லை. 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரமெடுக்கும். அதற்குள் தேத்தண்ணிக் கடையில் ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிட்டு, தோட்டத்து ஆட்களோடு தமிழில் நாலு வார்த்தை பேசியும் விடலாம். தனியாகப் போகிறவருக்கு அந்தப் பேச்சு தேவை.

மோட்டார் சைக்கிள் செலவு குறைந்தது, நினைத்த இடத்தில் நிறுத்தலாம். பகல் சவாரிக்கு அதுதான் முதலிடம். ஆனால் கூடாரத்தில் தனியாக, குளிரிலும் அட்டைக்கடியிலும் இரவு கழிக்க வேண்டும். பொருட்களைப் பூட்டி வைக்கவும் இடமில்லை. இரவில் அறை எடுப்பதாக இருந்தால் மட்டும் அதைத் தெரிவு செய்யுங்கள்.

எந்த வேனானாலும் ஏற்றத்தைவிட இறக்கத்துக்குத்தான் பயப்பட வேண்டும். 2025 செப்டம்பரில் எல்ல – வெல்லவாய வீதியில் ஒரு பஸ் பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் இறந்துபோனார்கள். குறைந்த கியரில் இறங்குங்கள், பிரேக்கையே மிதித்துக்கொண்டு போகாதீர்கள். கருகிய வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். பாரம் கூடிய கேம்பர் வேனுக்கு இது இன்னும் முக்கியம். கேம்பர் வேனில் இன்னோர் ஆபத்தும் உண்டு: குளிருக்காகக் கண்ணாடிகளை மூடிக்கொண்டு கேஸ் அடுப்பை எரியவிட்டால் கார்பன் மொனொக்சைட் சேரும். அதற்கு மணமே கிடையாது. எந்த வேனில் படுத்தாலும் கண்ணாடியை விரலளவு திறந்து வையுங்கள்.

இரவு நிறுத்துவதற்கு விருந்தினர் விடுதி முற்றத்தைக் கேட்டு வாங்குவது நல்லது. கழிவறையும் தண்ணீரும் கிடைக்கும். வெறும் தோட்ட ரோட்டோரத்தில் தனியாகப் படுக்க நான் சொல்லமாட்டேன். இதிலும் சின்ன வேனுக்கே இடம் சுலபமாகக் கிடைக்கிறது.

ஓட்டுகிறவருக்கு ரோட்டைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாது என்பது எல்லா வண்டிக்கும் பொது. அதனால் ஒரு பகல் வேனை எல்லவில் விட்டுவிட்டு, ஒன்பது வளைவுப் பாலத்தையும் தெமோதரை சுற்றுப்பாதையையும் ரயிலில் கடந்து பதுளை வரை போய் வரலாம். 2025 நவம்பர் டித்வா புயலில் மலை ரயில்பாதை மோசமாகச் சேதமானது. ரயில் ஓடுகிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மட்டக்களப்பார் செங்கலடி, மகாஓயா, பிபிலை வழியாக ஏறலாம். அம்பாறைக்காரருக்குச் சியம்பலாண்டுவ, மொணராகலை, வெல்லவாய வழி வசதி. இரண்டிலும் யானை நடமாட்டம் உண்டு, பொழுது சாயுமுன் கடந்துவிடுங்கள். மாரிமழைக் காலத்தில் போவதாக இருந்தால், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் வண்டியை எடுக்க வேண்டாம். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபரில் தோட்டக் குடியிருப்புகளையே மண் மூடியது.