மலைநாட்டு இறுவட்டுகளுக்கு விப்பர்: மென்பொருளும் அதன் சமூகப் பொதியும்

ஹட்டனுக்கு அருகில் உள்ள எங்கள் தோட்டத்து வாசிகசாலையின் அலுமாரியில் நூற்றுக்கும் மேற்பட்ட இறுவட்டுகள் இருக்கின்றன. மாசி மாதக் காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு, ஆலயத் திருவிழாவில் பாடிய தேவாரம், தப்பிசை என்று அவற்றில் பெரும்பாலானவை இங்கேயே ஒலிப்பதிவு செய்யப்பட்டு, நகரத்துக் கடைகளில் வெற்று வட்டுகளில் எழுதுவிக்கப்பட்டவை. வேறெங்கும் பிரதி இல்லாதவை. மழையும் பனிமூட்டமும் ஓயாத ஊரில் அவற்றின் மேல் பூஞ்சணம் படரத் தொடங்கியதைப் பார்த்த பிறகு, ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாற்றும் வேலையை எடுத்துக்கொண்டேன். அதற்கு நான் பயன்படுத்தும் மென்பொருள் விப்பர். அதை நிறுவியது ஆர்ச் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் பயனர் களஞ்சியத்தில் தொண்டர்கள் பேணிவரும் பொதியின், அதாவது நிறுவல் தொகுப்பின், மூலம். பொதி சரியாக இல்லாவிட்டால் மென்பொருள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இயங்காது என்பதை அனுபவத்தில் கண்டதால், இரண்டையும் சேர்த்தே மதிப்பிடுகிறேன்.

இறுவட்டில் உள்ள பாட்டைக் கணினிக்கு எடுப்பது கோப்பொன்றைப் பிரதி எடுப்பது போன்றதல்ல. தரவு வட்டின் ஒவ்வொரு கூறிலும் 2352 பைட்டுகளில் 2048 மட்டுமே பயனருக்குரியவை. எஞ்சியவை இட அடையாளத்துக்கும் கூடுதல் பிழைதிருத்தத்துக்கும் ஒதுக்கப்பட்டவை. ஒலி வட்டிலோ 2352 பைட்டுகளும் ஒலிக்கே போய்விடுவதால், அந்தக் கூடுதல் காப்பு இல்லை. கீறல் விழுந்த இடத்தில், வட்டைப் படிக்கும் இயக்கி தன்னால் முடிந்தவரை ஊகித்து நிரப்பிவிடும். நமக்கு அது தெரியவும் வராது. விப்பர் இதற்கென சிடி-பரனோயா என்ற கருவியைக் கொண்டு வட்டைப் படிக்கிறது. அது ஒரே பகுதியை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி பலமுறை படித்து ஒப்பிட்டு, பிசகிய இடங்களைப் பொருத்துகிறது. அதற்கு மேலாக, விப்பர் ஒவ்வொரு தடத்தையும் முழுமையாக இருமுறை எடுத்து, இரண்டின் சரிபார்ப்பு எண்ணும் (தரவிலிருந்து கணக்கிட்டு ஒப்பிட உதவும் எண்) ஒன்றாக இருந்தால் மட்டுமே ஏற்றுக்கொள்கிறது.

எங்களைப் போன்றவர்களுக்கு இந்த இரட்டை வாசிப்பே எல்லாவற்றிலும் பெரியது. உலகெங்கும் விற்பனையான வட்டு என்றால், அதே வட்டை எடுத்த மற்றவர்களின் எண்களோடு அக்யூரேட்ரிப் தரவுத்தளத்தில் ஒப்பிட்டு விப்பர் சான்று கூறிவிடும். தோட்டத்துக் கூத்து வட்டுக்கு அங்கே யார் பதிவு இட்டிருக்கப் போகிறார்கள்? இரண்டு வாசிப்பும் ஒத்துப்போவதுதான் எங்களிடம் உள்ள ஒரே சாட்சி. அது முழுமையான சாட்சி அல்ல என்பதும் உண்மை. இயக்கி இருமுறையும் ஒரே மாதிரி பிழையாகப் படித்தால் எண்கள் ஒத்தே இருக்கும். ஆகவே பதிவேட்டுக் கோப்பில் எல்லாம் சரி என்று எழுதியிருந்தாலும், சேதம் தெரியும் வட்டுகளை நான் காதாலும் கேட்ட பிறகே முடிந்தவையென ஒதுக்கி வைக்கிறேன்.

முதன்முறை பயன்படுத்துவோர் தடுமாறக்கூடிய இரண்டு இடங்களைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வீட்டிலோ கடையிலோ எழுதிய வட்டை விப்பர் இயல்பாக ஏற்க மறுக்கும். ‘சிடிஆர்’ என்ற தெரிவைக் கட்டளையில் சேர்த்தால்தான் தொடரும். இசைவட்டுகளின் விவரங்களைத் திரட்டும் மியூசிக்பிரெயின்ஸ் தரவுத்தளத்தில் இல்லாத வட்டுக்கு ‘அன்னோன்’ என்ற தெரிவும் வேண்டும். எங்கள் அலுமாரியில் பத்தில் ஒன்பது வட்டுகளுக்கு இரண்டும் தேவைப்பட்டன. கடையில் விற்கும் வட்டுகளை எடுப்போருக்கு இந்தக் கட்டுப்பாடு பொருத்தமானதாக இருக்கலாம். ஊர்ப் பதிவுகளைக் காப்பவருக்கு அது முதல் நாளிலேயே கதவை அடைப்பதாகிவிடுகிறது. இயக்கியின் வாசிப்பு விலகலை, அதாவது அது ஒலியைச் சற்று முன்னோ பின்னோ தள்ளிப் படிக்கும் அளவைக் கண்டறியும் கட்டளையும் பரவலாக விற்பனையான வட்டு ஒன்று இருந்தால்தான் வேலை செய்யும். அதற்காக ஒருவரிடம் இரவல் வாங்கி வந்தேன். என் இயக்கியின் விலகல் 6 மாதிரிகள் (விநாடிக்கு 44,100 என்று பதிவாகும் ஒலி அளவீடுகள்), அதாவது ஒரு விநாடியில் ஏறத்தாழ ஏழாயிரத்தில் ஒரு பங்கு. காதுக்குத் தெரியாத அளவுதான் என்றாலும் தரவுத்தள ஒப்பீடு இந்த எண் இன்றி நடக்காது.

இனிப் பொதி. பயனர் களஞ்சியத்தில் கட்டி முடித்த மென்பொருள் இருப்பதில்லை. மூலநிரலை எங்கிருந்து எடுப்பது, எவற்றைச் சார்ந்திருக்கிறது, எப்படிக் கட்டுவது என்று கூறும் பொதிக்குறிப்பு மட்டுமே இருக்கும். அதை நாமே படித்துப் பார்த்து, நம் கணினியில் கட்டிக்கொள்கிறோம். விப்பருக்கான குறிப்பு குறுகியதாகவும் தெளிவாகவும் இருந்ததால் ஒவ்வொரு வரியும் எதற்கென்று புரிந்தது. விப்பர் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டிருந்தாலும், அக்யூரேட்ரிப் எண்ணைக் கணக்கிடும் பகுதி சி மொழியில் இருப்பதால், மூலநிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் தொகுப்பியும் ஒலிக்கோப்புகளைப் படிக்கும் லிப்சன்ட்ஃபைல் நூலகமும் வேண்டும். வட்டியக்கியோடு பேசும் பைசிடியோவும் அதன் அடியில் இருக்கும் லிப்சிடியோவும் ஒன்றுக்கொன்று இசைந்த பதிப்புகளாக இருக்க வேண்டும். இத்தனையையும் பொருத்தி வைப்பதுதான் பொதி பேணுபவரின் வேலை. விப்பரின் 0.10.0 பதிப்பு 2021 இல் வந்தது. 2023 இல் வெளியான பைத்தான் 3.12, டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பழைய கட்டுமானக் கருவியையே நீக்கிவிட்டது. அடித்தளம் இப்படி நகர்ந்துகொண்டிருக்க, சம்பளமின்றி ஒருவர் அதைக் கவனித்து வருவதால்தான் என் வேலை நடக்கிறது.

ஒருமுறை அது நின்றும் போனது. வழக்கம்போல் கணினியைப் புதுப்பித்த மாலையில் விப்பரை இயக்கினால், தன் தொகுதியையே காணவில்லை என்று நின்றுவிட்டது. பைத்தானின் பதிப்பு எண் மாறும்போது நூலகங்கள் இருக்கும் அடைவின் பெயரும் மாறிவிடும். பயனர் களஞ்சியப் பொதிகளை ஆர்ச்சின் பொதி நிர்வாகியான பேக்மேன் தானாக மறுபடி கட்டாது. பொதிக்குறிப்பில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. மீண்டும் கட்டியதும் சரியாகிவிட்டது. காரணம் தெரியாதிருந்தால் நான் வேறு மென்பொருளுக்கு மாறியிருப்பேன்.

தமிழ்ப் பெயர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. லினக்ஸில் பொதுவாகப் பயன்படும் கோப்பு முறைமையில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுகளைத் தாண்ட முடியாது. யூனிகோட்டின் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட்டுகள் என்பதால் 85 குறிகளே கொள்ளும். ‘த்’ என்பதுகூட எழுத்தும் புள்ளியுமாக இரண்டு குறிகள். விப்பரின் இயல்பான பெயர் அமைப்பில் கலைஞர் பெயரும் பாடல் பெயரும் சேர்ந்தே வருவதால், “காமன் கூத்து: ரதியின் புலம்பல்” போன்ற தலைப்போடு பாடியோரின் பெயர்களும் சேர்ந்தால் இடம் விரைவில் தீர்ந்துவிடும். பெயர் அமைப்பை மாற்றும் தெரிவு இருக்கிறது. தட எண்ணும் தலைப்பும் மட்டும் வரும்படி அமைத்து, மற்றவற்றைக் கோப்பினுள் உள்ள குறிப்புகளில் எழுதுகிறேன்.

80 நிமிட வட்டொன்று சுருக்காமல் எடுத்தால் ஏறத்தாழ 847 மெகாபைட்டுகள். விப்பர் அதை ஒலி எதையும் இழக்காத ஃபிளாக் வடிவில் சுருக்கித் தருகிறது. நேரம்தான் அதிகம் எடுக்கும். நல்ல வட்டுக்கே பொறுமை வேண்டும். சேதமான வட்டில் ஒரு தடம் ஒத்துவராவிட்டால் இயல்பாக ஐந்து முறை முயன்று நிறுத்திவிடும். ‘கீப் கோயிங்’ தெரிவைச் சேர்த்தால் அந்தத் தடத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்லும். விடிய விடிய ஆடிய கூத்தொன்றின் மூன்றாவது வட்டில் ஏழாம் தடம் அப்படித்தான் மறுத்தது. மென்மையான ஈரத்துணியால் மையத்திலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்து, உலரவிட்டு, மறுநாள் மீண்டும் முயன்றபோது இரண்டு எண்களும் ஒன்றாக வந்தன. அந்தத் தடத்தில் தப்படித்தவர் இப்போது உயிரோடு இல்லை.

பொதியில் நான் வேண்டுவது ஒன்றுதான். நிறுவி முடிந்ததும் திரையில் சில வரிகள் காட்டும் வசதி பொதிகளுக்கு உண்டு. எழுதிய வட்டுக்கும் தரவுத்தளத்தில் இல்லாத வட்டுக்கும் உரிய தெரிவுகளையும், பைத்தான் மாறினால் மறுபடி கட்ட வேண்டும் என்பதையும் அங்கே காட்டினால் போதும். அந்த வரிகளை எழுதிப் பொதி பேணுபவருக்கு அனுப்பியிருக்கிறேன்.