பாக்கின்சன் குளிசைகள்: லெவோடோபாவா, பிரமிபெக்சோலா, பென்செக்ஸோலா?

மூன்றும் ஒரே நோய்க்குத்தான் எழுதப்படுகின்றன, ஆனால் செய்யும் வேலை வேறு. லெவோடோபா மூளைக்குள் போய், இந்த நோயில் குறைந்துபோகும் மூளை இரசாயனமான டோபமினாகவே மாறும். பிரமிபெக்சோல், டோபமின் பதிகிற இடத்தில் தானே போய்ப் பதியும். பென்செக்ஸோல் டோபமின் பக்கமே போகாது. டோபமின் குறைந்ததால் கையோங்கிய அசற்றைல்கோலின் என்ற இன்னொரு மூளை இரசாயனத்தை அடக்கும்.

விறைப்புக்கும் நடைத் தளர்ச்சிக்கும் லெவோடோபாவை மிஞ்ச ஒன்றுமில்லை. அதே குளிசையில் கூடவே இருக்கும் காபிடோபாதான் குமட்டலைத் தடுப்பது. அது நாளுக்கு 70 முதல் 100 மில்லிகிராம் வரை வேண்டும். 100/25 (லெவோடோபா 100, காபிடோபா 25) குளிசை மூன்றில் 75 கிடைக்கும், 100/10 மூன்றில் 30தான். வாந்தி என்று மருந்தை விடமுன்னர் அந்த இரண்டாவது எண்ணை வைத்தியரிடம் காட்டுங்கள்.

"குளிசை வேலை செய்யுதில்லை" என்பதற்குப் பலவேளை காரணம் சாப்பாடு. புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலில் ஒரே வழியால்தான் உள்ளே போக வேண்டும். பகல் சோற்றோடு மீன் ஆணம், பிறகு எருமைத் தயிர், உடனே குளிசை என்றால் பின்னேரம் கால் எழும்பாது. சாப்பிட அரை மணித்தியாலம் முந்தி, அல்லது ஒரு மணித்தியாலம் பிந்திப் போடுங்கள். வெறுவயிற்றில் குமட்டினால் இரண்டு பிஸ்கட் போதும். இரும்புச்சத்துக் குளிசைக்கு இரண்டு மணித்தியால இடைவெளி வேண்டும்.

சில வருடங்களில் மருந்து அடுத்த வேளைக்கு முந்தியே இறங்கத் தொடங்கும், உடம்பு தானாக நெளியவும் கூடும். அதற்குப் பயந்து லெவோடோபாவைத் தள்ளிப்போடத் தேவையில்லை. 2019இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில், உடனே தொடங்கியவர்களும் 40 வாரம் கழித்துத் தொடங்கியவர்களும் 80ஆவது வாரத்தில் ஒரே நிலையில்தான் இருந்தார்கள்.

பிரமிபெக்சோல் உடம்பில் கூடுதல் நேரம் நிற்கும். ஒருநாளுக்கு ஒருவேளை போடும் வகையும் உண்டு. காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் நோன்பு பிடிப்பவர்களுக்கு இது பெரிய விசயம். ஆனால் எந்த மருந்தையும் சடுதியாக நிறுத்தினால் கடும் விறைப்பும் காய்ச்சலும் வரலாம். நோன்புக்கு முன்னரே வைத்தியரோடு நேரத்தை ஒழுங்குபடுத்துங்கள். பிரமிபெக்சோலின் ஆபத்து வேறு விதம். மோட்டார் சைக்கிள் ஓடும்போதே தூக்கம் விழுத்தும். சூது, கண்டபடி சாமான் வாங்குதல், அடங்காத பாலுணர்வு என்று குணமே மாறலாம். நோயாளி வெட்கத்தில் சொல்லமாட்டார், வீட்டார்தான் கவனிக்க வேண்டும். சிறுநீரகம் பழுதென்றால் அளவைக் குறைக்க வேண்டும். சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியற்றினின் இரத்தப் பரிசோதனை பார்க்காமல் தொடங்காதீர்கள்.

பென்செக்ஸோல், நடுக்கம் மட்டும் தொல்லை தரும் இளையவர்களுக்கு உதவும். 70 தாண்டிய அப்பாவுக்கு வேண்டாம்: நினைவு குழம்பும், மலம் இறுகும், சலம் அடைக்கும்.

எது போட்டாலும், வாந்திக்கு மெற்றோகுளோபிரமைட்டோ புரோகுளோர்பெரசினோ, தலைச்சுற்றுக்குச் சினாரிசினோ கொடுத்தால் டோபமின் தடைபட்டு நோய் கூடும். பாமசியிலும் வெளிநோயாளர் பிரிவிலும் காட்ட, இந்த மூன்று பெயரையும் கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் எழுதி வையுங்கள்.